நிறுத்திக்கொள்ளும் உரிமை

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால், பொதுத்தேர்வு முடியட்டும் என்று சொல்லி ஸ்பைக்ஸ் காலணியைப் பரணில் ஏற்றிவிடும் பெற்றோர் உண்டு. பள்ளியை விட்டே நிறுத்தி, அகாடமிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறும் பெற்றோரும் உண்டு. இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் இருப்பது பாசம்தான். ஆனால் முடிவு பெற்றோருடையது. அதன் பலனையோ பாதிப்பையோ ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவது பிள்ளை. அதனால்தான் இதை வெறும் வரவுசெலவுக் கணக்காகப் பார்க்க முடியாது. இது அறம் சார்ந்த கேள்வி.

விளையாட்டு சோறு போடுமா என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஐபிஎல்லில் பத்து அணிகள். அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்றால் மொத்தம் 250 இடங்கள், அதிலும் ஒரு பகுதி வெளிநாட்டவருக்கு. மற்ற விளையாட்டுகளில் வருமானம் இன்னும் குறைவு. ஆனால் இதே பெற்றோர் நீட் தேர்வை வேறு தராசில் நிறுக்கிறார்கள். 2024இல் அதை எழுதியவர்கள் சுமார் 23 லட்சம் பேர். எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மீண்டும் மீண்டும் எழுதிக் கழியும் ஆண்டுகளை யாரும் சூதாட்டம் என்று சொல்வதில்லை. நிச்சயமின்மை என்ற ஒரே காரணத்துக்காக மைதானத்தை மறுப்பது நேர்மையாகாது.

அதற்காக எல்லாவற்றையும் விளையாட்டின் மேல் வைத்துவிடலாமா? செஸ் வீரர் குகேஷைப் பாருங்கள் என்பார்கள். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டார். மகனோடு பயணம் செய்ய, காது மூக்கு தொண்டை மருத்துவரான தந்தை தன் தொழிலை ஒதுக்கிவைத்தார். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் பட்டம் வந்தது. வென்றவரின் கதை நம் காதுக்கு வருகிறது. அதே அளவு பாடுபட்டும் வெல்லாதவரின் கதை வருவதில்லை. திரும்பிப் போக ஒரு தொழில் அந்தத் தந்தைக்கு இருந்தது. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டுக்கு அது இல்லை. உடலை வருத்தும் விளையாட்டில் காயம் என்ற ஆபத்தும் சேர்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில், ஒன்றில் மட்டும் இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் அறிவுறுத்தியது. பி.டெக். முடித்த அஸ்வின் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தார். படிப்பு எல்லோருடைய ஆட்டத்தையும் கெடுத்துவிடுவதில்லை.

வளர்ந்தபின் தானே தேர்ந்துகொள்ளும்படி பிள்ளையின் எதிர்காலத்தைத் திறந்துவைப்பது பெற்றோரின் கடமை என்று தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் வாதிட்டார். இதை வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: “போதும்ப்பா, இனிமே வேண்டாம்” என்று அந்தப் பிள்ளையால் பயமில்லாமல் சொல்ல முடியுமா? அடகில் இருக்கும் நகை, அம்மா விட்ட வேலை, தம்பிக்குத் தள்ளிப்போன செலவு எல்லாம் அடிக்கடி பேச்சில் வரும் வீட்டில் அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். தியாகம் அங்கே கடனாகிவிடுகிறது. டென்னிஸைத் தான் வெறுத்ததாக 2009இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஆந்த்ரே அகாசி எழுதினார். அத்தனை பட்டங்கள் வென்றவருக்கே தந்தையின் கட்டாயம் அப்படி வலித்திருக்கிறது.

பிள்ளைகளின் மனம் நாளுக்கொரு விதமாக மாறும், தள்ளிவிடாமல் யாரும் முன்னேறுவதில்லை என்ற மறுப்பும் உண்டு. தோற்ற இரவில் வரும் அழுகையை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சரிதான். ஆனால் மாதக்கணக்கில் நீளும் சலிப்பு வேறு. போட்டிக்காலம் முடிந்து மனம் ஆறியிருக்கும்போது, தொடரலாமா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்க வேண்டும். வரும் பதிலை மதிக்க வேண்டும். படிப்பின் இழை அறுந்துவிடாமல் காக்க வேண்டும். வசதியற்ற வீடுகளுக்காக இந்தப் பொறுப்பில் அரசும் தோள்கொடுக்க வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு மேல்மட்டப் போட்டிகள்வரை போனவர்களுக்கே பயன்படும், பாதியில் காயப்பட்டு நின்றவருக்குக் கல்விக்குத் திரும்பும் வழி வேண்டும். விட்டுவிடவும் உரிமை இருக்கும்போதுதான் ஒரு பிள்ளை விளையாட்டைத் தானாகத் தேர்ந்துகொண்டது என்று சொல்ல முடியும். அந்த உரிமையைக் கொடுத்த பெற்றோர், பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும், தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள்.