பூசை போட்ட காடிக்கு யார் பொறுப்பு?



புதுக் காடி வாங்கினால் நாம் முதலில் ஓட்டிக்கொண்டு போகும் இடம் ஆலயம். குருக்கள் அர்ச்சனை செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஆயுத பூசை அன்றும் அப்படித்தான். கூலாய், ஸ்கூடாய், மாசாய் என்று ஜொகூரில் எந்தப் பக்கம் போனாலும், அன்றைக்கு ஆலய வாசலில் காடியும் மோட்டாரும் வரிசை பிடித்து நிற்கும். நமக்குச் சோறு போடும் பொருளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இது. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கமும்கூட.

ஆனால் ஒரு கேள்வி. அந்த எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு, அடுத்த ஆயுத பூசை வரைக்கும் அந்த டயரை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்?

இதைப் பற்றி இளைஞர் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி நேராகவே கேட்டார்: "அண்ணா, காடி என்னோடது. மாசா மாசம் பேங்குக்குக் கட்டுறது நான். சர்வீஸ் பண்ணாம விட்டா எஞ்சின் போகும், என் காசு போகும். இதுல பாவ புண்ணியம் எங்க வருது?"

நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் தம்பி சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். ஏர்கோன் வேலை செய்யவில்லை என்றால் வியர்ப்பது நமக்குத்தான். பெயிண்ட் மங்கினால் நம் காடிதான் அசிங்கமாகத் தெரியும். ஆனால் பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, வைப்பர் இந்த ஐந்தும் அப்படி இல்லை. இவற்றுக்கு நாம் காசு கொடுத்திருந்தாலும், அவை வேலை செய்வதை நம்பி இருப்பவர்கள் சாலையில் நமக்கு முன்னால் போகிறவர்கள். விடியற்காலை நாலரை மணிக்கு மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டாரில் போகும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் ஓட்டுகிறவர்கள்தான். உங்கள் பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. சிவப்பு விளக்கில் உங்களுக்கு முன்னால் நம்பிக்கையோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். கேட்காமலே ஒருவர் நம் மேல் வைத்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது தர்மம் இல்லை என்றால், வேறு எது தர்மம்?

பாலத்துக்கு அந்தப் பக்கம் இதைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் ஒரு காருக்கு 3 வயது ஆனதும், 2 ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை. 10 வயது தாண்டினால் ஆண்டுதோறும். நம் பக்கம் லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. சொந்தக் காடிக்கு அப்படிக் கிடையாது. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் பக்கம் போனால் சரி. மற்றபடி சாலை வரியும் இன்சூரன்சும் கட்டிவிட்டால், 15 வருஷம் ஆனாலும் "பிரேக் எப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் இல்லை.

சட்டம் கேட்காத இடத்தில்தான் ஒருவருடைய தர்மம் தெரியும். அதோடு, சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. 2024 டிசம்பர் 23 இரவு, மலாக்கா ஆயர் குரோ அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு லாரியிலிருந்து கழன்று விழுந்த டயரில் சுற்றுலாப் பஸ் ஒன்று மோதி, கட்டுப்பாடு இழந்து, எதிர்ப் பாதைக்குப் போய் மற்ற வாகனங்களோடு மோதியது. 7 பேர் இறந்தார்கள். கோலாலம்பூருக்கு நாம் எல்லாரும் போய் வரும் சாலை அது. லாரிக்கு 6 மாதச் சோதனை இருக்கும் நாட்டில்தான் இது நடந்தது. சோதனைச் சான்றிதழ் அந்த ஒரு நாளின் நிலைமையைச் சொல்லும். மீதி நாட்களுக்குச் சாட்சி, வண்டியை எடுப்பவரின் பழக்கம் மட்டுமே.

இப்போது ஒரு கஷ்டமான கேள்விக்கு வருவோம். இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் காடியிலும் டயர் வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறது. இருவருக்கும் அது தெரியும். நவம்பர், டிசம்பர் மழையில், ஒரே மாலையில், இருவரும் தெப்ராவ் நெடுஞ்சாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் நல்லபடியாக வீடு சேர்ந்து சாப்பிட்டுப் படுக்கிறார். இன்னொருவருக்கு முன்னால் ஒரு மோட்டார் திடீரென்று நிற்கிறது. பிரேக் அழுத்துகிறார். டயர் தண்ணீரில் சறுக்குகிறது. ஓர் உயிர் போகிறது.

இரண்டாமவரை ஊரே குற்றவாளி என்கிறது. முதலாமவர் நல்ல பையன். ஆனால் இருவரும் செய்தது ஒன்றுதானே? வித்தியாசம், ஒருவர் முன்னால் மோட்டார் வந்தது, இன்னொருவர் முன்னால் வரவில்லை. என் கருத்து இது: விளைவு வேறு, அதற்குரிய தண்டனையும் வேறாக இருக்கலாம். ஆனால் தவறு, டயர் தேய்ந்தது தெரிந்தும் சாவியை எடுத்த அந்த நிமிடத்திலேயே இருவரிடமும் நடந்து முடிந்துவிட்டது. வீடு சேர்ந்தவர் "எனக்கு ஒன்னும் ஆகல" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. ஒன்றும் ஆகாமல் தப்பித்தோம் என்று பயந்து, மறுநாளே டயர் கடைக்குப் போக வேண்டும்.

"எல்லாம் விதி அண்ணா, நேரம் வந்தா போகும்" என்று சிலர் சொல்வார்கள். விதியின் பெயரைச் சொல்லி வேலையிலிருந்து தப்பிக்க நம் சமயம் இடம் கொடுக்கவில்லை. கீதையின் 4ஆம் அத்தியாயம் செயல் எது, செயலின்மை எது, செய்யக் கூடாத செயல் எது என்று பிரித்துப் பேசுகிறது. சும்மா இருப்பது எல்லாம் செயலற்ற நிலை ஆகிவிடாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் நாம் எடுத்த முடிவுதான், அதற்கும் பலன் உண்டு. தேய்ந்த பிரேக்கை மாற்றாமல் விட்டதின் பலனுக்கு விதி என்று பெயர் வைப்பது, கடனை அடுத்தவர் கணக்கில் எழுதுவது மாதிரி.

சரி, நாம் ஏன் இப்படி விட்டுவிடுகிறோம்? கெட்ட எண்ணமா? இல்லை. காடி நன்றாக ஓடுகிறது, அதுதான் காரணம். "ஓடுதுதானே, அப்புறம் என்ன?" திருக்குறளில் 54ஆம் அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. எல்லாம் நன்றாகப் போகிறது என்ற மிதப்பில் வரும் மறதிக்குத்தான் பொச்சாப்பு என்று பெயர். அளவு கடந்த கோபத்தைவிட அது கெடுதல் என்றுதான் வள்ளுவர் அந்த அதிகாரத்தையே தொடங்குகிறார். கோபக்காரனைப் பார்த்து ஊர் ஒதுங்கிக்கொள்ளும். மறதிக்காரனைப் பார்த்து யாருக்கும் ஒதுங்கத் தெரியாது.

அடுத்து, "நேரமே இல்லண்ணா." இதற்கு மகாபாரதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பதினான்காம் நாள் போர். அபிமன்யுவை இழந்த அர்ஜுனன், சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையென்றால் தீயில் இறங்குவேன் என்று சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு நிமிடமும் அவன் உயிர். அந்த நாளில், எதிரிப் படையின் நடுவே, கண்ணன் தேரை நிறுத்துகிறார். குதிரைகள் களைத்துவிட்டன, காயம் பட்டிருக்கின்றன. அர்ஜுனன் கீழே இறங்கித் தரையில் நின்று படையைத் தடுக்கிறான். அம்பால் நிலத்தைப் பிளந்து தண்ணீர் வரவழைக்கிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தடவிக் கொடுத்து, தண்ணீர் காட்டி, மறுபடி பூட்டுகிறார். அதன் பிறகுதான் தேர் கிளம்புகிறது. சூரியன் மறைவதற்குள் சபதமும் நிறைவேறுகிறது.

உலகைக் காப்பவர் தேரோட்டியாக வந்தபோது, குதிரையின் காயத்தைத் தன் கையால் கவனித்தார். "நான் பகவான், குதிரை தானாக ஓடும்" என்று விட்டுவிடவில்லை. சாமி கும்பிட்டுவிட்டேன், இனி காடியைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வளவு பெரிய தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. ஈசன் ஏறி வரும் தேருக்கே பிரேக் தேவைப்படுகிறது. பக்தி குறைந்ததாலா? வடம் பிடிக்கும் பக்தர்களின் உயிர்மேல் அக்கறை இருந்ததால்.

காசு விஷயத்தையும் பேசத்தான் வேண்டும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பழைய சாகா ஓட்டும் அப்பாவிடம் போய் "எல்லாத்தையும் மாத்துங்க" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரிசை மாறக் கூடாது என்று சொல்வேன். அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட பிரேக்கும் டயரும் முதலில். எஞ்சின் அடுத்து. ஏர்கோன், பாட்டு, பாலிஷ் எல்லாம் கடைசியில். ஸ்போர்ட் ரிம்முக்கும் எக்சாஸ்டுக்கும் ஆயிரம் வெள்ளி எடுத்து வைக்கும் தம்பி, பிரேக் பேடுக்கு "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றால், அது வறுமை இல்லை.

அப்படி என்னதான் பார்ப்பது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் காடி சூடாவதற்கு முன்னால் 15 நிமிடம் போதும். காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு என்று டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். டயர் தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது செல்லாது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மலிவாகக் கிடைக்கும் பழைய டயரை வாங்கும் முன் அதைப் படியுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து குச்சியை இழுத்து மினியாக் ஹித்தாம் அளவைப் பாருங்கள். அதை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பது எண்ணெயின் வகையைப் பொறுத்தது. காடியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருப் பிடிக்கும், கூலண்ட் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய், மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்துவிடும், மிதித்தாலும் பிடிக்காது. பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். டைமிங் பெல்ட் உள்ள காடி என்றால், அது அறுந்தபின் எஞ்சினைப் பிரிப்பதைவிட, குறித்த கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றுவது எவ்வளவோ மலிவு. செய்த வேலையைத் தேதி, கிலோமீட்டரோடு ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். என் ஃபோர்மேன் ஒரு சீன அங்கிள். என்னுடைய நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டையே திறப்பார்.

இப்படிப் பார்த்துக்கொண்ட காடி நீண்ட நாள் உழைக்கும். முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. அந்தக் காலத்துச் சாகா ஒன்றிரண்டு இன்னும் சாலையில் ஓடுவதைப் பார்க்கிறோம். அவற்றின் இரும்பு வேறு இரும்பு இல்லை, வைத்திருந்தவர்களின் கைதான் வேறு. ஒன்பது வருஷக் கடனில் வாங்கிய பொருள், கடன் முடிவதற்குள் பட்டறையில் கிடந்தால், உழைத்த காசும் வீண், பூமியிலிருந்து எடுத்த இரும்பும் வீண். தேவைக்கு மேல் சேர்க்காதே என்று நம் சமயம் சொல்வதில், கையில் இருப்பதை வீணாக்காதே என்பதும் அடங்கும்.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு ஒரு வேலை செய்வோம். பூசைக்கு முந்தின ஞாயிறு, உங்கள் வட்டார இளைஞர்கள் சேர்ந்து ஆலய வளாகத்தில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருங்கள். வருகிறவர்களின் டயரையும் விளக்கையும் பார்த்துச் சொல்லுங்கள். வயதான அம்மாக்களின் காடிகளை முதலில் பாருங்கள். பொட்டு வைக்கக் குனியும்போது தடமும் நல்லபடியாக இருக்கட்டும்.