எத்தனை மில்லிமீட்டர் பாசம்?

என் பையனிடம் ஒரு மவுண்டன் சைக்கிள் இருக்கிறது. ஹார்ட்டெயில் ரகம். அதாவது, ஷாக் அப்ஸார்பர் முன்பக்கம் மட்டும்தான்; பின்பக்கம் வெறும் கம்பி. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிய, புதுசு மாற்றப் போனோம்.

பழசு 100 மில்லிமீட்டர் அமுங்கும். ''140 வாங்கிடலாம்ப்பா, பள்ளமே தெரியாது'' என்றான். நான் பி.காம்! கூடுதல் என்றால் லாபம் என்றுதான் புத்தி போகும். பர்ஸை எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் தடுத்தார். ''வேணாம் சார். இந்த ஃபிரேம் 100-க்குன்னு செஞ்சது. 40 கூட்டினா முன்பக்கம் தூக்கிக்கும். ஹேண்டில் கோணம் ரெண்டு டிகிரி கிட்ட சாயும். ஏத்தத்துல முன்சக்கரம் அலையும். நீளமான ஃபோர்க் கடப்பாரை மாதிரி. குதிச்சு இறங்குறப்பெல்லாம் ஃபிரேமோட கழுத்தை நெம்பும். அங்க விரிசல் விட்டா சைக்கிளே போச்சு.''

''அப்போ பின்சக்கரத்துக்கு?''

''அதுக்குத் தம்பியோட முழங்கால்தான் ஷாக் அப்ஸார்பர்!''

சிரித்தேன். ஆனால், உள்ளே எங்கோ குத்தியது.

காரணம் சொல்கிறேன். அந்த வாரம்தான் ஸ்கூல் ஃபுட்பால் டீமிலிருந்து அவனை எடுத்துவிட்டிருந்தார்கள். கோச்சிடம் 'ஒரு வார்த்தை' சொல்லலாமே என்று போனில் நம்பர் வரை தேடி வைத்திருந்தேன். அதுவும் ஒரு 140 மில்லிமீட்டர்தானே?

1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் பழைய சைக்கிள்களை உருட்டிவிட்டு இறங்கிய இளைஞர்களுக்கு ஷாக் அப்ஸார்பரே கிடையாது. 1989-ல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஆர்.எஸ்-1 ஃபோர்க் வந்தபோதும், அது அமுங்கியது 5 சென்டிமீட்டருக்குள்தான். அதற்காக, 'அடிபட்டால்தான் பிள்ளை தேறும்' என்று நான் கம்பு சுற்றவில்லை. கைவலி வந்தால் ஹேண்டிலைப் பிடிக்கவே முடியாது. பாதுகாப்பு வேண்டும்தான். கேள்வி, எவ்வளவு என்பதே. அதைத் தீர்மானிக்க வேண்டியது நம் பயமா, ஃபிரேமின் அளவா?

100-ஐயே வாங்கினோம். மெக்கானிக் அவனை ஏறி உட்காரச் சொல்லி, சின்ன பம்ப்பால் ஃபோர்க்குக்குக் காற்று ஏற்றினார். ''உட்கார்ந்தா 20 மில்லிமீட்டர் அமுங்கணும். அமுங்கலைன்னா கட்டை. ரொம்ப அமுங்கினா, பள்ளம் வரும்போது மிச்சம் இருக்காது.'' நானும் ஏறிப் பார்க்கிறேன் என்றேன். ''உங்க வெயிட்டுக்கு இது சரிப்படாது சார். இது தம்பிக்கு வெச்ச காத்து'' என்றார்.

கோச்சுக்கு போன் செய்யவில்லை. அன்று ராத்திரி பையன் சரியாகச் சாப்பிடாமல் படுத்தபோது, 'செய்திருக்கலாமோ' என்று கை பரபரத்தது நிஜம். அவன் குலுங்கியதை விட நான்தான் அதிகம் குலுங்கினேன்.

நீங்கள் யாருக்காவது போன் செய்ய நம்பர் தேடிக்கொண்டு இருக்கிறீர்களா? ஒரு நிமிஷம்... அது உங்கள் பிள்ளைக்கு வைக்கும் காற்றா, உங்களுக்கா?