கைதட்டியதற்குப் பிறகு

2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி56 கிளம்பும். தேக்கா சந்தையில் ஒரு தே தாரிக்கை வாங்கி வைத்துக்கொண்டு கைப்பேசியில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனுக்குப் புதுக்கோட்டை பக்கம், இங்கே கட்டுமான வேலை. எட்டிப் பார்த்தார்.

"நம்ம ராக்கெட்டா தம்பி?"

"ஆமாண்ணே. ராக்கெட் இந்தியாவோடது, சேட்டலைட் சிங்கப்பூரோடது."

"அப்ப ரெண்டுமே நம்மதுதான்."

ராக்கெட் எழும்பியதும் ரெண்டு பேரும் கைதட்டினோம். நான் படித்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குட்டிச் செயற்கைக்கோள்களும் அதில் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேல போயி என்ன பண்ணும்?" என்றார்.

பெரிய செயற்கைக்கோளின் பெயர் டிஎஸ்-சார், எடை சுமார் 360 கிலோ. சிங்கப்பூரின் தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி இன்ஜினியரிங்கும் சேர்ந்து உருவாக்கியது. ரேடார் இஸ்ரேல் நிறுவனம் ஒன்றுடையது. இரவிலும் மேகத்துக்கு மேலிருந்தும் தரையைப் படம் எடுக்கும். படங்கள் அரசாங்க அமைப்புகளுக்குப் போகும். இதையெல்லாம் சொன்னேன்.

"நாம தெரிவமா அதுல?"

"ஒரு மீட்டர் அளவுக்குத்தாண்ணே தெரியும். நாம ஒரு புள்ளிகூட இல்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'நம்மது' என்று சொல்லிக் கைதட்டினோமே, அந்தக் கண் எதைப் பார்க்கப்போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் அமெரிக்க ராணுவத்தின் ஆளில்லா விண்விமானம் எக்ஸ்-37பி போனதையும் பார்த்தேன். 2010இல் இருந்தே பறக்கிறது. சில சோதனைகளைப் பற்றிச் சொல்வார்கள், மீதி ரகசியம். பூஸ்டர்கள் தரையிறங்கிய அழகைக் காட்டினார்கள். விண்விமானம் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டவில்லை. நான் அதற்கும் மெய்மறந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ராணுவம் என்றாலே பாவம் என்று சொல்ல வரவில்லை. நானும் இங்கே தேசிய சேவை செய்தவன். சின்ன நாட்டின் பயம் எனக்குப் புரியும். வெள்ளத்தையும் கடலில் தத்தளிக்கும் கப்பலையும் ரேடார் கண்டுபிடிக்கும். எல்லையில் நிற்பவனையும் குறிவைக்க உதவும். "கத்தி மாதிரிதான், யார் கையில இருக்குங்கிறதுதான் விஷயம்" என்று எங்க துறையில் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் கத்தி செய்கிற கொல்லருக்கு வாங்க வருகிறவன் முகம் தெரியும். எனக்குத் தெரியாது.

நான் எழுதுவது சென்சார் சிக்னலில் இரைச்சலை வடிகட்டும் மென்பொருள். பிழை எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடைசியில் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று மூணு வருஷமாக நான் கேட்டதில்லை. யாரும் மறைக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

ஜனவரியில் கேட்டேன். பாதிப் பதில் கிடைத்தது. மீதியைக் கேட்க எனக்கு அனுமதி இல்லையாம். வேலையை விடவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது என்பதும் உண்மை, அந்த வேலை பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று இனிமேல் சொல்ல முடியாது.

அடுத்த ராக்கெட்டுக்கும் கைதட்டுவேன். பக்கத்தில் யாராவது "மேல போயி என்ன பண்ணும்?" என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பாதியையும் தெரியாத பாதியையும் சேர்த்தே சொல்வேன்.