சம்பளமும் கிம்பளமும்



மகன் சுகாதார ஆய்வாளர் உத்தியோகத்துக்குப் படிக்க விரும்புகிறான் என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதே. இது நியாயமான கேள்வி. நாளைக்குக் குடும்பம் காக்க வேண்டியவன் வருமானத்தைக் கணக்கிடுவது பேராசை ஆகாது. ஆனால் சில வீடுகளில், தாழ்ந்த குரலில், இரண்டாவது கேள்வியும் எழுகிறது: "மேல்வரும்படி உண்டா?" இதைப் பற்றியே உங்களோடு சற்று ஆலோசிக்க வேண்டியதாயிருக்கிறது.

நோயைத் தீர்த்த வைத்தியருக்கு நாம் நன்றி சொல்லுகிறோம். நோய் வராமலே தடுத்தவருக்கு நன்றி சொல்வார் யார்? குடிநீரில் குளோரின் சேர்ந்திருக்கிறதா, கொசுப்புழு எங்கே வளர்கிறது, சாக்கடை நீர் குழாயில் கலக்கிறதா என்று பார்த்துத் திரிகிறவரின் வெற்றி, ஒன்றும் நேராதிருப்பதே. கண்ணுக்குத் தெரியாத பலனுக்குக் கூலி கொடுக்க உலகம் எப்போதும் தயங்கும்.

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரம் 1847-இல் டாக்டர் டங்கன் என்பவரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது. அந்நாட்டில் இப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம்; சொந்த வைத்தியத் தொழிலும் நடத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவ்வருடமே அங்கே டைபஸ் ஜுரம் கடுமையாய்ப் பரவிற்று. ஒரு நகரத்தைக் காப்பது ஓய்வு நேரத்தில் செய்கிற வேலையா? மறு வருடம் 750 பவுன் சம்பளத்தில் அவர் முழுநேர அதிகாரியானார்.

சம்பளம் மட்டும் போதாது. வேலை நிலைக்கவும் வேண்டும். அசுத்தமான வீட்டின் சொந்தக்காரரே நகரசபையில் அமர்ந்திருந்தால், அவர்மேல் குற்றம் எழுத எந்த ஆய்வாளர் துணிவார்? ஆகையால்தான், மந்திரியின் சம்மதமின்றி இவர்களை நீக்கலாகாதென்று அந்நாட்டில் 1921-இல் சட்டம் செய்தார்கள். நம் சென்னை மாகாணத்திலோ 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. ஆயினும் 2020-இல் கொரோனா பரவியபோது தெருத்தெருவாய் அலைந்தவர்களில் பலர் தற்காலிக ஊழியர்களே.

அப்படியானால், சம்பளம் குறைவென்பதால் கிம்பளம் வாங்கலாமா? கூடாது. ஓட்டல்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறவன் தன் பொருளை விற்கவில்லை. அங்கே சாப்பிடும் குழந்தையின் உயிரை விற்கிறான். வறுமை அவன்மேல் இரக்கம் கொள்ளச் செய்யும். அந்த விற்பனையை நியாயமாக்காது.

ஆனால் நாம் குற்றமற்றவர்களா? வரி கட்ட முணுமுணுப்பவர்களும், காரியம் முடிய நோட்டை நீட்டுகிறவர்களும் நாமே. 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-இல் எழுதிய நிருபத்தில், தொழிலாளி சம்மதித்தான் என்பதனால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாய் வாழும் ஒருவன் ஜீவிக்க அது போதுமானதாயிருக்க வேண்டும் என்று போதித்தார். காவற்காரனைப் பட்டினி போட்டுவிட்டுத் திருட்டுப் போயிற்றென்று அழுவதில் பயனென்ன?

ஆகவே, பெற்றோர்களே, முதற் கேள்வியை உரத்த குரலில் கேளுங்கள். நகராட்சியிலும் சர்க்காரிலும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை மட்டும் உங்கள் பிள்ளையின் காதில் விழவிடாதீர்கள். உத்தியோகத்தில் சேருமுன்னே அவன் மனச்சாட்சிக்கு விலை பேசுகிற முதல் ஆள், தாயோ தகப்பனோ ஆகலாகாது.