மழைமாதத்துக்கு எடுத்துவைப்பது

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, வந்தவாசிச் சாலை பாலாற்றுப் பாலத்தைத் தொடுவதற்கு முன்னால் வரும் ஊர் செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து, இன்று காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. பட்டுத்தறியை நம்பிய வீடுகள் இந்த வட்டாரம் முழுக்க உண்டு. தறி வீட்டுக்குள் ஓடுவதுதானே, மழை அதை என்ன செய்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். பாவு எனும் நெடுக்கு இழைகளை நீட்டிக் கஞ்சி போட விடியற்காலைத் தெரு வேண்டும். அது உலர வெயில் வேண்டும். அடைமழையில் இரண்டும் இல்லை. குழித்தறியில் கால்மிதி இருக்கும் பள்ளத்தில் நீர் ஊறுகிறது. ஈரக்காற்றில் இழை தளர்கிறது. ஜக்கார்டு அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. கூலியோ சேலையை அறுத்துக் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. வயலிலும் வழியிலும் காய்கறி அழுகுவதும் அதே மாதங்களில்தான். 2021 நவம்பரில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது; பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததும் அந்த மாதமே. வரவு சுருங்குகிற மாதமும் விலை ஏறுகிற மாதமும் ஒன்றாகவே வருகின்றன. பனி மூடிய நாட்டுக்காரர்களுக்குக் குளிர்காலம் எதுவோ, நெசவாளி வீட்டுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அதுதான்.

இந்த மாதங்களை எப்படிச் சாப்பிட்டுக் கடப்பது என்ற கேள்விக்கு, வெயில் மாதங்களில் உழைத்துப் பதில் தேடியவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். கொல்லையில் காய்த்த கொத்தவரையை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்துச் சித்திரை வெயிலில் காயவைத்தார்கள். சுண்டைக்காயையும் மிளகாயையும் பகலில் வெயிலிலும் இரவில் மோரிலுமாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். மாங்காயைக் கீறி உப்பிட்டு உலர்த்தினார்கள். புதுப்புளி வந்ததும் கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்பு தூவிப் பானையில் அடைத்தார்கள். இவற்றோடு தாளிப்பு வடகமும் உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டிப் பல நாள் காயவைப்பார்கள். ஒரு உருண்டையை உதிர்த்து எண்ணெயில் போட்டால் குழம்புக்கு வெங்காயம் தேட வேண்டாம். இவற்றில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. வேகவைப்பது காயைக் கெடுக்கும் நொதிகளை நிறுத்துகிறது. உப்பும் மோரின் புளிப்பும் கிருமியைத் தடுக்கின்றன. நீர் வெளியேறிய பண்டத்தில் பூஞ்சை வளர முடியாது. எண்ணெய்ப் பூச்சு ஈரத்தை எட்ட நிறுத்துகிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மிளகும் சுக்கும் சீரகமும் சேர்த்து ஆவியில் வெந்து, சாதாரண இட்லியைவிட நாள் தாங்குவதையும் இந்த அறிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்த உணவைச் செய்வது இந்த ஊரின் பழைய திறமை.

இந்தத் திறமையைச் சுவைக்காகவோ பழைமைக்காகவோ காப்பாற்றச் சொல்பவர்கள் பலர். என் காரணம் வேறு. எடுத்துவைத்த உணவு ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து சில வாரம் தள்ளி நிறுத்துகிறது. அந்தச் சில வாரத்துக்கு நாம் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே மழைமாதத்தில் சோறு இருக்கும். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளவும் தொட்டுக்கொள்ளவும்தான் இராது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் மளிகைக் கடையில் கணக்கு நோட்டு திறக்கப்படுகிறது, பிறகு தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்கிறார். முன்பணம் வாங்கியவர் அடுத்த சேலையின் கூலியைப் பேசும்போது குரலை உயர்த்த முடியாது. வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. ஒரு பானைப் புளி, இரண்டு டப்பா வற்றல், ஒரு ஜாடி ஊறுகாய், கொஞ்சம் வடகம் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் குழம்பு காசில்லாமல் கொதிக்கும். கேட்க வேண்டிய முன்பணம் அந்த அளவுக்குக் குறையும். கேட்கும் நாளும் தள்ளிப்போகும். வறுமையை வற்றல் ஒழிக்கும் என்று நான் சொல்லவில்லை. கூலி உயர்வுக்கும் மழைக்கால உதவிக்கும் அது மாற்றே அல்ல. கை நீட்டுவதற்கு முன் யோசிக்க அது அவகாசம் தருகிறது. ஏழை வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் தீர்ந்துபோவது அந்த அவகாசம்தான்.

நிஜமாகவே பனி மூடும் இடங்களில் இதே கணக்கு இன்னும் கடுமையாக நடந்தது. காஷ்மீரில் கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாவற்றையும் கோடையிலேயே கீறிச் சரம் கோத்துத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். ஜம்மு நெடுஞ்சாலையைப் பனி அடைத்துவிட்டால் வெளியிலிருந்து காய்கறி வராது என்பதால் எழுந்த வழக்கம் அது. இன்று சுரங்கப்பாதைகள் வந்துவிட்டன, 2025இல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் வந்துவிட்டது. இருந்தும் ஸ்ரீநகர்க் கடைகளில் உலர்ந்த காய்ச்சரம் தொங்குகிறது. லடாக்கில் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் முள்ளங்கியையும் நிலத்தடிக் குழிகளில் வைத்துப் பல மாதம் சாப்பிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனி இல்லை, ஆனால் பனை இருந்தது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இலங்கைப் போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இறுகியபோது, ஒரு சமூகம் தன் மண்ணில் விளைந்ததைக் காயவைத்து வைக்கத் தெரிந்திருப்பதற்கு என்ன பொருள் என்று அந்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அவர்களில் பலர் கனடாவுக்குப் போனார்கள்; அங்கும் இதே கணக்குதான். மே மாதக் கடைசி உறைபனி தாண்டியபின் கத்தரியும் மிளகாயும் நட்டு, அக்டோபர் குளிருக்குள் பறித்துவிட வேண்டிய குறுகிய பருவம் அங்கே.

இனி மறுப்புகள். கடையில் ஆண்டு முழுதும் எல்லாம் கிடைக்கிறது, வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டது, பிறகு எதற்கு இந்தப் பாடு என்பது எளிய மறுப்பு. கடையில் பொருள் கிடைப்பதும் கையில் காசு இருப்பதும் வெவ்வேறு. மழைமாதத்தில் இரண்டாவதுதான் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தை நம்பியது. மின்சாரம் முதலில் போவதும் புயல் நாளில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மாநிலத் தலைநகரிலேயே பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன, பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தார்கள். அந்த நாட்களில் வற்றல் டப்பாவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

உப்பைப் பற்றிய மறுப்பு கனமானது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் தட்டில் சேர்ந்தால் அந்த வரம்பு ஒரே வேளையில் கரைந்துவிடும். உட்கார்ந்தே வேலை செய்யும் நெசவாளிக்கு இரத்தக்கொதிப்பு வந்தால் தறியும் போகும். வெயிலில் காய்ந்த காயில் வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடுகிறது என்பதும் உண்மை. சரியாகக் காயாமல் அடைத்தால் பூஞ்சை வரும், அதன் நஞ்சு சமைத்தாலும் முழுதாகப் போகாது. இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்துவைப்பவை எல்லாம் உப்பால் நிற்பவை அல்ல. வடகத்திலும் கொத்தவரையிலும் உப்பைப் பாதியாகக் குறைத்து, வெயிலை இரண்டு நாள் கூட்டலாம். வற்றல் போட்ட குழம்புக்குத் தனியாக உப்பு போடாமலே விடலாம். கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் மழையிலும் கீரை உண்டு, விட்டுப்போன சத்துக்கு அது போதும். பரங்கிக்காயும் சாம்பல் பூசணியும் கருணைக்கிழங்கும் உப்பே இல்லாமல், தோல் அடிபடாமல், காற்றோட்டமான மூலையில் வைத்தாலே வாரக்கணக்கில் நிற்பவை.

மூன்றாவது மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன். இத்தனை வற்றலும் வடகமும் யாருடைய உழைப்பு? சித்திரை மொட்டைமாடியில் நின்று பாயை விரித்து, காக்கையை விரட்டி, மாலையில் அள்ளி, மறுநாள் மறுபடி விரித்தவர்கள் பெண்கள். அதே பெண்கள் நூல் இழைத்தார்கள், தார் சுற்றினார்கள், பாவு பிணைத்தார்கள், சமைத்தார்கள். இந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. பாட்டியின் கைமணம் என்று புகழ்ந்தே அவர்களை அங்கே நிற்கவைத்தோம். வழக்கம் நின்றுபோனதில் பெண்களுக்கு ஒரு விடுதலை இருந்தது. அதை மறைத்துவிட்டு எடுத்துவைப்பதைப் பரிந்துரைக்கும் எந்தக் கட்டுரையும் நேர்மையானதல்ல. ஆனால் அநீதி இருந்தது வேலையைப் பங்கிட்ட விதத்தில். வேலையை ஒழிப்பதால் மட்டும் அது தீராது. கொரியர்கள் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் கூட்டுவேலையான கிம்ஜாங்கை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அது போற்றியது ஊறுகாயின் சுவையை அல்ல, வீடுகள் சேர்ந்து செய்து பகிர்ந்துகொள்ளும் முறையை. நெசவுத் தெருவுக்கு இது புதிதல்ல. பாவு நீட்ட ஆணும் பெண்ணும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து நிற்காத தெரு எது? பாவுக்குக் கூடுகிறவர்கள் வடகத்துக்கும் கூடலாம். ஆண்கள் வெங்காயம் உரிப்பது எந்தச் சாத்திரத்திலும் தடுக்கப்படவில்லை.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது, கோடையிலேயே வாங்கிவைக்கக் காசு எங்கே என்ற கேள்வியும் உண்டு. கொல்லைகள் அறைகளாகிவிட்டன, உண்மைதான். ஆனால் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் விலை சரியும் வாரத்தில் வாங்குவதும் விளைச்சலைச் சேமிப்பதுதான். காசுக்குத்தான் தனி வீடு திணறும். பத்து வீடு சேர்ந்த சுயஉதவிக் குழு மாதச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் ஒதுக்கினால், மழைமாதத்தில் கொடுக்கும் கடனைவிட அது மலிவாக முடியும்.

இப்படி வாங்கிக் காயவைக்க நான் முதலில் பரிந்துரைப்பது, நம்மிடம் காயவைக்கும் வழக்கம் அதிகம் இல்லாத தக்காளியை. மாசி, பங்குனியில் விலை விழுந்து, பறிகூலிகூடத் தேறாது என்று விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற காய் அது. ஐப்பசியில் தங்கமாகிவிடுவதும் அதுதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு பங்கு நீர். பத்துக் கிலோவை வட்டமாக நறுக்கி, மெல்லிய துணி மூடிக் காயவைத்தால் முக்கால் கிலோகூட வராது. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடும். காஷ்மீரிகள் செய்வதைச் செவிலிமேட்டு மொட்டைமாடியில் செய்யத் தடை எதுவும் இல்லை, இங்கே வெயில் அவர்களுடையதைவிடத் தாராளம். ரசத்துக்கு நான்கு வில்லை போதும். பறித்தவனுக்கும் கொஞ்சம் விலை கிடைக்கும்.