எடைபோடப்படுவது யார்?

நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் துலாக்கோலையே தேர்ந்தெடுத்தார். தட்டில் வைக்கப்பட்டது யாருடைய பொருள் என்று தராசு பார்ப்பதில்லை. உள்ளதை உள்ளவாறு காட்டிவிட்டு நின்றுவிடும். அது காட்டும் எண்ணைப் படிக்கிற மனிதர்களோ அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. எண்ணோடு தங்கள் தீர்ப்பையும் சேர்த்தே படிக்கிறார்கள். பிறந்து சில வாரங்களே ஆன பச்சிளங்குழந்தையை எடைபோடும் இடத்தில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை எதிர்பார்த்த அளவு எடை கூடவில்லை எனச் செவிலியர் சொல்கிறார். அச்செய்தி வீடு வந்து சேர்ந்ததும் பேச்சு தொடங்கிவிடுகிறது. ‘இவளுக்குப் பால் பத்தவில்லை’ என்பார் ஒருவர். ‘பால் தண்ணீராக இருக்கிறது’ என்பார் மற்றொருவர். ‘அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது, பார்’ என்பார் மூன்றாமவர். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இத்தகைய சொற்களை நாம் எத்தனையோ முறை செவியுற்றிருக்கிறோம். தட்டில் கிடத்தப்பட்டது குழந்தை, எடைபோடப்பட்டதோ தாய். பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன்னரே அவள் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறாள். இது நீதியாகுமா?

அப்படியானால், ‘கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடலாமா? அதுவும் நீதியாகாது. எடைக் குறைவுக்குப் பின்னால் சிலவேளை உண்மையான நோய் மறைந்திருக்கக்கூடும். பழியும் ஆகாது, அசட்டையும் ஆகாது எனில், அன்புள்ளோர் மேற்கொள்ள வேண்டிய வழி யாது? இதுவே நாம் இங்கு சிந்திக்க விழையும் வினா.

விவேகம் என்னும் நற்பண்பை ஆராய்ந்த புனித தோமா அக்குவினாஸ், அதற்கு மூன்று செயல்கள் உண்டு என்றார்: ஆராய்தல், தீர்மானித்தல், செயற்படுத்துதல். இவற்றுள் இறுதியானதே தலையாயது என்பதும் அவர் கருத்து. நாமோ பெரும்பாலும் முதலாவதைக் கடந்து நேரே இரண்டாவதற்குத் தாவுகிறோம்; மூன்றாவதைத் தாயின் தலையில் மட்டும் சுமத்திவிடுகிறோம். ஆகவே, ஆராய்தலிலிருந்தே தொடங்குவோம்.

பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறையலாம். 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை மூன்றாம் நாளில் 2 கிலோ 800 கிராம் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் அது பிறந்த எடையை மீண்டும் எட்ட வேண்டும். பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை கூடுவது பொதுவான அளவு. இவ்வளவுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆடையோடு ஒரு நாளும் ஆடையின்றி மறு நாளும், ஓரிடத்துத் தராசில் ஒரு முறையும் வேறிடத்துத் தராசில் மறு முறையும் எடை பார்த்தால், குழந்தை மாறாதிருந்தும் எண் மாறிவிடும்.

எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே பிழைபடுவதும் உண்டு. 1977-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட வளர்ச்சி வரைபடம் பின்னர்ப் பல நாடுகளிலும் பயன்படுத்தப்பட்டது. அதன் கைக்குழந்தைப் பகுதிக்கு அடிப்படையாக இருந்தவர்கள் ஓகையோ மாநிலத்தில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள். தாய்ப்பால் குழந்தைகளோ முதல் இரண்டு மூன்று மாதங்களில் விரைவாகவும், அதன்பின் சற்று மெதுவாகவும் எடை கூடும் இயல்பினர். இதனால் நலமாக வளர்ந்த தாய்ப்பால் குழந்தைகள் பலர் அவ்வரைபடத்தில் பின்தங்கியவர்களாகத் தோன்றினர். பின்னர் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் அருந்திய குழந்தைகளை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் புதிய வரைபடங்களை வெளியிட்டது. அதற்கு முன்பு எத்தனை தாய்மார், தங்களிடம் இல்லாத ஒரு குறைக்காக வருந்தியிருப்பார்கள் என எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

சரியான வரைபடத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். நலமுள்ள நூறு குழந்தைகளை எடைப்படி வரிசைப்படுத்தினால், யாரேனும் பத்துப் பேர் கடைசிப் பத்து இடங்களில் இருந்தே தீர்வர். சிறிய பெற்றோருக்குச் சிறிய குழந்தை பிறப்பது வியப்பன்று. கீழ்க்கோட்டில் இருந்தாலும் அக்கோட்டை ஒட்டியே வளரும் குழந்தை தன் வழியில் செல்கிறது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டிற்கு இறங்கிக்கொண்டே போகும் குழந்தையைப் பற்றியே நாம் விழிப்படைய வேண்டும். ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளை இதற்கு அளவாகாது. அதே குழந்தையின் சென்ற வாரமும் சென்ற மாதமுமே அளவு.

தராசு சொல்லாதவற்றைக் குழந்தையே சொல்லும். முதல் வாரம் கடந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் வெளிர்நிறமாகச் சிறுநீர் கழிக்கிறதா? இரவும் பகலும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கிறதா? குடிக்கும்போது விழுங்கும் ஓசை கேட்கிறதா? விழித்திருக்கையில் கண்களில் துடிப்பு இருக்கிறதா? இவையெல்லாம் இருப்பின், மெல்லக் கூடும் எடையைப் பொறுமையோடு கவனித்து வரலாம்.

இதற்கு மாறாக, இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாமை, சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், பால் குடிக்கும்போதே களைத்து வியர்த்தல், எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவை காணப்பட்டால், ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதயக் குறைபாடோ, சிறுநீர்த் தொற்றோ, பால் உறிஞ்சவிடாத நாக்குக் கட்டோ காரணமாக இருக்கலாம். தாயின் தைராய்டுக் குறைபாடும் காரணமாகலாம். அழாமல் உறங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைச் ‘சமத்துக் குழந்தை’ என நாம் புகழ்கிறோம். பசித்தும் அழுவதற்கு வலுவில்லாத குழந்தையும் அவ்வாறே உறங்கும் என்பதை மறந்துவிடலாகாது. குழந்தையை உற்றுப் பாராமல் சொல்லப்பட்டால், பழிச்சொல்லைப் போலவே புகழ்ச்சொல்லும் கேடு செய்யும்.

அடுத்தது தீர்மானித்தல். ஆராயாமல் எடுக்கப்படும் தீர்மானத்திற்கு இங்கே ஒரு விந்தையான ஆற்றல் உண்டு. எவ்வளவு பால் உறிஞ்சப்படுகிறதோ அவ்வளவுக்குச் சுரப்பதே தாய்ப்பாலின் இயல்பு. ‘பால் பத்தவில்லை’ என்னும் சொல்லை நம்பி, தேவையின்றிப் புட்டிப்பால் கொடுக்கப்படுகிறது. வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடிக்கிறது. சுரப்பும் குறைகிறது. சில நாள்களில் பால் உண்மையாகவே பற்றாமற் போகிறது. போதாக்குறைக்கு, அச்சமும் வலியும் பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கவும் கூடும். தொடக்கத்தில் பொய்யாக இருந்த சொல், சொல்லப்பட்டதனாலேயே மெய்யாகிவிட்டது. சொன்னவரோ ‘நான் அன்றே சொன்னேனே’ என்று பெருமை கொள்கிறார். பிறரைப் பற்றித் தீர்ப்பிடுவதில் நாம் ஏன் அஞ்சி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்த அச்சத்தை வாணிபமும் அறிந்து வைத்திருந்தது. பால் மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடுக்க 1992-இல் நம் நாட்டில் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். மருத்துவர் ஆராய்ந்து பார்த்து, தாய்ப்பாலோடு வேறு பாலும் சிறிது காலம் தேவை எனக் கூறுவாரானால், அதைக் கொடுப்பது தாய்மைக்கு இழுக்கன்று. குழந்தையின் பசியாற்றுவதே முதற்கடன். தாய்ப்பாலின் மேன்மையைப் போற்றும் ஆர்வத்தில், கொடுக்க இயலாத தாயைக் குற்றவாளியாக்குவதும் அதே பழைய அநீதியின் மற்றொரு முகமே.

இறுதியாகச் செயற்படுத்துதல். இங்கேதான் நம் அன்பு உண்மையா என்பது விளங்கும். அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் அருகிருந்து, குழந்தை மார்பில் வாய் வைக்கும் முறையைத் திருத்திவிட்டாலே பல வேளைகளில் எடை கூடத் தொடங்கிவிடுகிறது. மணி பார்த்துக் கொடுக்காமல், பசிக்கும்போதெல்லாம் கொடுத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை நன்றாகக் குடித்து முடிக்க விடுதலும் வேண்டும், குடிக்கக் குடிக்கவே பாலில் கொழுப்பு மிகுகிறது. ஆறு மாதம் வரை தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் தவிர்க்கப்பட வேண்டும். அவை வயிற்றை நிரப்புமேயன்றி வளர்க்கமாட்டா. வலுவற்ற குழந்தைக்குப் பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டலாம்.

இத்தனையும் செய்யத் தாய்க்கு நேரமும் ஓய்வும் வேண்டுமே! இரவில் நான்கு முறை எழுந்தவள் விடியற்காலையில் பானை கழுவ வேண்டுமா? நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அத்தகைய விடுப்பை யார் தருவார்? இரண்டே மாதத்தில் வேலைக்குத் திரும்பியவளைப் பார்த்து ‘பிள்ளை மெலிந்திருக்கிறதே’ என்று கேட்குமுன், அவள் பிள்ளையோடு வீட்டிலிருக்க நாம் என்ன செய்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, எடை கூடாத குழந்தையுள்ள வீட்டிற்குச் செல்லும் நாம், நமது சொல்லை அளந்து பேசுவோம். கணவர் மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். இரவில் குழந்தையைத் தோளில் சாய்த்து உறங்க வைக்கட்டும். மாமியார் அடுக்களைப் பொறுப்பைச் சில வாரம் ஏற்கட்டும். அக்கம்பக்கத்தார் ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொண்டுவரட்டும். தராசு காட்டும் எண், அக்குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் நம் அனைவரையும் நோக்கி எழுப்பப்படும் வினா. அதற்கு அத்தாய் மட்டும் தனித்து நின்று விடை சொல்லும்படி விட்டுவிடலாகாது.