என் சோம்பலுக்கு நான் வைத்த பெயர்



2019-ம் வருஷம் எங்கள் ஊருக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வந்தார்கள். என்னிடம் அப்போது 42 செம்மறி ஆடுகள். பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தேடி வந்து, "என்ன தம்பி, மந்தைய ஓட்டிட்டு வரலயா? ஐஸ் பெட்டியில மருந்து கொண்டாந்திருக்காங்க, கலக்கிட்டா சீக்கிரம் போட்டு முடிக்கணுமாம்" என்றார்கள். "ஆண்டவர் பாத்துக்குவாருக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா தன் நான்கு வெள்ளாடுகளுக்கும் ஊசி போட்டார்கள். ஆறு பால்குட்டிகளுக்குப் போடவில்லை. மூன்று மாதம் ஆகாத குட்டிகள், வளரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் நான் சந்தையில் ஒரு கிடா வாங்கி வந்தேன். சில நாளில் என் பட்டியில் மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது, கழிச்சலும் கண்டது. மூன்று ஆடுகள் போயின, மற்றவை தேறின. செம்மறியை விட வெள்ளாட்டைத்தான் இந்த நோய் கடுமையாகத் தாக்கும். அக்காவின் ஆறு குட்டிகளில் ஐந்து செத்தன. ஊசி போட்ட தாய் ஆடுகள் நான்கும் நின்று கத்திக்கொண்டிருந்தன.

பிரியமானவர்களே, நான் குற்றவாளியா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனதுக்குள் மூன்று வாதம் வைத்தேன்.

ஒன்று: ஆடு என்னுடையது, என் இஷ்டம். ஆனால் தண்ணீர் காட்டும் குட்டை என்னுடையதா? மேய்ச்சல் நிலம் என்னுடையதா? நோயுற்ற ஆட்டின் சளியிலும் சாணத்திலும் இருக்கிற கிருமிக்கு யார் வீட்டு வேலி தெரியும்? ஊசி போட முடியாத குட்டிக்கு, சுற்றியுள்ள ஆடுகள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் வேலி. அந்த வேலியில் 42 ஆடு அகலத்துக்கு நான் ஓட்டை வைத்தேன்.

இரண்டு: என் மந்தையிலிருந்துதான் பரவியது என்று யார் நிரூபிக்க முடியும்? ஒருவரும் முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு குட்டியும் சாகாமல் போயிருந்தாலும், நான் மறுத்தது மறுத்ததுதானே? குட்டிகள் செத்த நாளில் அல்ல, அக்காவைத் திருப்பி அனுப்பிய நாளிலேயே நான் தவறிவிட்டேன். சாவு அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மூன்று: நான் விசுவாசத்தினால் செய்தேன். இங்கேதான் ஆவியானவர் என்னை உடைத்தார். ராத்திரி நாய் வரும் என்று பட்டியை அடைக்கிறேனே, அப்போது விசுவாசம் எங்கே போயிற்று? உண்மை வேறு. 42 ஆட்டை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் மேய்ச்சல் கெடும். எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த அலுப்புக்கு ஆண்டவருடைய நாமத்தைப் போர்த்தினேன்.

நம் தேசத்தில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், இதே தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த கிருமியையே வலுவிழக்கச் செய்து, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தடுப்பு மருந்தாக்கினார்கள். ஒரு ஊசி குறைந்தது மூன்று வருஷம் காக்கும். இப்படி ஒரு நன்மை வாசல் வரை வந்து நிற்க, அதைத் தள்ளிவிட்டு அற்புதம் கேட்பது எப்படி ஜெபமாகும்?

மறுநாள் இரண்டு பெட்டைக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "விசுவாசம்னு சொன்னேன்க்கா. அது சோம்பேறித்தனம்."

"தெரியும் தம்பி" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு குட்டியைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எப்ப ஊசி?" என்று கேட்டார்கள்.

அன்பானவர்களே, அடுத்த முறை ஊசிக்கு ஆள் வரும்போது, ஜெபித்துவிட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுப் பால்குட்டியை நினைத்துக்கொண்டு போங்கள்.